பச்சைக்கு மேல் கறுப்பு

மாசி, வெள்ளிக்கிழமை.

நேவிக் கந்தோர்க் கிளாக்கர் இண்டைக்குச் சாவி குடுக்கிற விளையாட்டு ரயில் எஞ்சின் ஒண்டைத் திருத்தக் கொண்டுவந்தார். தன்ர மகனுடையதாம். "பச்சையைச் சுரண்டவேண்டாம், மேலால கறுப்பு அடிச்சால் காணும்" எண்டார். எந்த விசரன் சுரண்டாமல் பெயின்ற் அடிப்பான்?

அவர் போனபிறகு கழற்றிப் பார்த்தன். பின் அச்சுக்குச் சைக்கிள் கம்பி வெட்டிப் போட்டிருக்கு. நான் போட்டதுதான், முந்தி நேவித் துரை வீட்டு எஞ்சினைத் திருத்தேக்க. இந்த எஞ்சின் களவு போச்சுதெண்டுதான் அங்க சமைச்ச, சல்லி ஊர் மாரிமுத்து அண்ணையை வேலையால நிப்பாட்டினவை. அவர் எடுத்ததைக் கண்டனான் எண்டு சொன்னதும் இந்தக் கிளாக்கர்தான்.

பிறகு கிடைச்சு, துரை சீமைக்குக் கப்பலேற முதல் இவருக்குக் குடுத்திருப்பாரோ? அப்ப ஏன் கறுப்பு?

நாளைக்கு எடுக்க வருவார். எஞ்சின் பச்சையாத்தான் மேசையில இருக்கும். பக்கத்துக் கதிரையில மாரிமுத்து அண்ணை இருப்பார்.