ஒன்பது தேக்குகளுக்கு நான் அடித்த வெள்ளை

அண்ணா,

இன்று காலை மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் வந்து நின்றது. நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. சாவுக்கு வந்தும், உங்கள் அருகே வரத் துணிவில்லாமல் பந்தல் ஓரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பியவன் நான்.

வாழப்பாடிப் பக்கத்துத் தேக்குக் காட்டில் நாம் இருவரும் வனக்காப்பாளர்களாக இருந்தோம். அந்தக் காடு அரசாங்கத்துக்கு மரமும் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வருகிறவர்கள் நடக்க நிழலும் தர வேண்டும். அதனால் வெட்டும் மரத்துக்கு வெள்ளை வளையமும் இலாகா சுத்தியலால் அடித்த முத்திரையும், நடைபாதை மரத்துக்கு மஞ்சள் வளையம் மட்டும். "கல்யாண ஊட்டுல பந்தி வேற, சமையக்கட்டு வேற. கலந்தா வம்புதான்" என்பீர்கள்.

நான் கலந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரம் மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. மழையில் அழிந்த வளையங்களைக் கூட்டம் வருவதற்குள் புதுப்பிக்க வேண்டும். அயோத்தியாப்பட்டணம் போய் வாங்கி வரச் சோம்பல்பட்டு, பாதையோரம் ஒன்பது தேக்குகளுக்கு வெள்ளையை அடித்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவன், மறந்தே போனேன்.

செவ்வாய்க்கிழமை வெட்டு ஆட்கள் வந்ததும் போனில் கேட்டீர்கள். "வெள்ளை போட்ட மரத்துல எல்லாம் சுத்தியல் முத்திரை இருக்குதா? பாத்துட்டியா?"

நான் பார்த்திருந்தது வெட்டுக்குக் குறித்த கீழ்ச்சரிவை மட்டும். "எல்லாம் பாத்தாச்சுங்கண்ணா, ஆரம்பிங்க" என்றேன். என் சொல்லை நம்பினீர்கள். மத்தியானத்துக்குள் பாதையோரத்து ஒன்பதும் சாய்ந்துவிட்டன.

விசாரணையில் யார் பொறுப்பு என்று அதிகாரி கேட்டார். நான் என் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நாந்தானுங்க முத்திரை பாக்காம உட்டுட்டேன்" என்றீர்கள். வெளியே வந்ததும், "உம்பேரு இப்பத்தான் பதவி உயர்வுக்குப் போயிருக்குது. பேசாம போ சாமி" என்று என் தோளைத் தட்டினீர்கள்.

பேசாமல்தான் போனேன். உங்களை மேச்சேரிப் பக்கம் தூக்கியடித்தார்கள். நான் வனவர் ஆனேன். வெட்கங்கெட்டவன், ஆபீஸ் முழுக்க ஜிலேபி கொடுத்தேன். உங்களுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினேன்.

இன்று மத்தியானம் உங்கள் மகள், உங்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் புது வளையங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று வெட்டிய ஒன்பது அடிக்கட்டைகளும் தழைத்திருக்கின்றன. குழந்தை ஒரு தேக்குக் கொழுந்தைக் கசக்கி, அதன் சாற்றில் சிவந்த உள்ளங்கையை என்னிடம் நீட்டிச் சிரித்தாள்.

"ஏனுங்க சித்தப்பா, அப்பா தப்பா வெட்டச் சொன்ன எடம் இதுதானுங்களா?" என்று உங்கள் மகள் கேட்டாள். "கடைசி வரைக்கும் இதப் பத்தி ஒரு வார்த்த பேசலீங்க."

அவள் கேட்டதில் குற்றம் எதுவும் இல்லை. பதில் சொல்ல எனக்கு நேரமும் இருந்தது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"ஆமா சாமி" என்றேன்.

அண்ணா, உயிரோடு இருந்தபோது அந்தப் பழியை நீங்களாக வாங்கிக்கொண்டீர்கள். இன்று அதை உங்கள் மேல் வைத்தது நான்.