ஏரன் பக்கம் நான்

அலாஸ்கா எண்ணெய்க் குழாய் முகாம்,
நவம்பர் 1976

அன்புள்ள வெர்னாவுக்கு,

அட்லாண்டா குளிரில் உன் முழங்கால் வலி கூடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகம். வலது கையில் மட்டும் சூப் கொட்டிக் கொஞ்சம் சிவந்திருக்கிறது, பயப்படாதே.

எல்லாம் பேஸ்பால் பேச்சால் வந்தது, அந்தக் காலத்து ரூத் பெரிய ஆட்டக்காரனா, நம் அட்லாண்டாவுக்கு ஆடிய ஏரனா என்று. சமையல்காரர் ஆர்வில் வம்புக்கு இழுத்தார். "ரூத் பன்னெண்டு தடவை மட்டையோட நின்னா ஒரு தடவை பந்து எல்லையத் தாண்டிப் போகும், ஒரு ஹோம் ரன். உங்க ஏரனுக்குப் பதினாறு தடவை வேணும். யாருய்யா பெரியவன்?"

"மொத்தத்தைப் பாருய்யா! ரூத்து எழுநூத்திப் பதினாலு, ஏரன் எழுநூத்தி அம்பத்தஞ்சு. சலிக்காம நின்னு அடிச்சவன்யா!" என்று மேசையைக் குத்தினேன். கிண்ணம் கவிழ்ந்தது.

உண்மையில் அந்தக் குத்து ஆர்விலுக்கு இல்லை. பக்கத்து வீட்டு கிளீட்டஸ் இதே கணக்கைச் சொன்னதாகவும், "அவரு சொல்றதும் சரியாத்தான் படுது" என்றும் எழுதியிருந்தாயே, அவனுக்கு விழுந்த குத்து. உன் இரண்டு பக்கக் கடிதத்தில் அவன் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. நாலு வரிக்கு ஒரு கிளீட்டஸ்! ரூத்தே அந்த வேகத்தில் அடித்ததில்லை.

அவன் புரட்டும் என் பேஸ்பால் புள்ளிவிவரப் புத்தகத்தை வாங்கி அனுப்பு. நீ பின்னிய காலுறை இரண்டு ஜோடியும் வை. வாசலில் அவன் வந்து உட்காரும் என் நாற்காலியை உள்ளே போட்டுவிடு. அவனுக்கு முக்காலி போதும்.

நமக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், வெர்னா. அந்த மொத்தத்தை மட்டும் பார். அதில் நான் வீட்டில் இருந்த நாட்கள் எத்தனை என்று வகுத்துப் பார்த்துவிடாதே.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன்,
எல்மோர்