நொட்டாங்கை முடிச்சு

மே 6, செவ்வாய்

கீரமங்கலத்திலிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து ஜெகதாப்பட்டினம். இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு, எனக்கு இல்லை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை, புலம்பக்கூடாது.

தடைக்காலம் என்பதால் மீன் ஏலக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது. அதன் வாசலில்தான் ஆவுளியா சிலை எழும்புகிறது. கடல்பசுவை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பதினான்கு அடி நீளம். வெல்டர் சார்லஸ் கம்பிக்கூட்டை முடித்துவிட்டார். கடலிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கைத் தவிர வேறெதுவும் அதன்மேல் ஏறக்கூடாது என்பது என் பிடிவாதம். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று திறப்பு. கீழே கல்லில் என் பெயர் வெட்டுவார்கள் என்று வனத்துறை அதிகாரி சொன்னார். பத்தொன்பது வருஷமாக ஆண்டுவிழாவுக்குத் தெர்மாகோல் அறுத்த கை இது. ஒரு தடவையாவது என் பெயரில் ஒன்று நிற்கட்டும்.

மே 9, வெள்ளி

வலைதான் பிரச்சினை. கரையில் பொறுக்கியதெல்லாம் வெயிலில் வெந்து போனவை. இழுத்துக் கட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. வயிற்றுக்கு மட்டும் இருபது அடி முழுசாக வேண்டும். பாட்டிலும் மூடியும் செருப்பும் மலையாகக் குவிந்திருக்கின்றன. ஆனால் தோல் இல்லாவிட்டால் இது ஆவுளியா இல்லை, குப்பைக்கூடை.

கட்டுகிற பெண்கள் நாலு பேரில் செவந்திதான் வேகம். நொட்டாங்கைக்காரி, எல்லாம் இடது கையில்தான். அவள் போடும் முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறது. ராஜலட்சுமி அக்கா கிண்டல் செய்தார்: “இந்தக் கரை முழுக்கத் தேடுனாலும் இப்புடி முடிச்சுப் போடுறவ இவ ஒருத்திதான் டீச்சர். இவ தைச்ச வலைய இருட்டுல தடவியே சொல்லிரலாம்.” செவந்தி சிரித்தாள். அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அவள் புருஷன் நல்லதம்பி இரண்டு வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில், அவள் தைத்துக் கொடுத்த நண்டு வலையோடு தனியாகக் கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இலங்கையில் ஜெயிலில் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திங்கள்கிழமையும் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறாள். திங்கள் மட்டும் அவளுக்கு வேலை சொல்லக்கூடாது.

மே 12, திங்கள்

கடலடியில் சிக்கிய வலைகளை எடுத்துத் தரும் படகுக்காரர் அருள்தாஸ் இன்று ஒரு பெரிய சுருள் கொண்டுவந்தார். பாறையில் மாட்டிச் சேற்றுக்குள் புதைந்து கிடந்ததாம். “வெயிலே படல டீச்சர், இழுத்துப் பாருங்க, ஒரு கண்ணி அறாது” என்றார்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நானே குழாயடியில் உட்கார்ந்து அலசினேன். சேறு போகப் போக நல்ல சாம்பல் நீலம். சந்தோஷத்தில் இன்னும் வேகமாக அலசினேன். அப்புறம்தான் பார்த்தேன். நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல் தைத்திருக்கிறது. முடிச்செல்லாம் எதிர்ப்பக்கம்.

ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாமே.

செவந்தி இந்நேரம் புதுக்கோட்டையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பாள்.

மே 13

சொல்லவில்லை. “வலை கெடச்சிருச்சாமே டீச்சர்” என்று சந்தோஷமாகத்தான் வந்தாள். ஆமாம் என்றேன். வாலுக்கு மூடி கோர்க்கச் சொல்லி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன்.

வேறு ஊரில் இன்னொரு நொட்டாங்கைக்காரி இருக்க மாட்டாளா? ராமேஸ்வரத்தில் இருப்பாள். நாகப்பட்டினத்தில் இருப்பாள். ஏன் இருக்கக்கூடாது?

மே 16, வெள்ளி

வயிற்றை நான் மட்டுமே கட்டுகிறேன். தைத்த இடத்தின்மேல் செருப்புத் துண்டுகளை நெருக்கி வைத்து மறைத்தாயிற்று.

இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் நம்பிக்கையை நான் ஏன் பறிக்க வேண்டும்? வலை கிடைத்தால் ஆள் போய்விட்டதாக அர்த்தமா? படகைப் பிடித்தவர்கள் வலையை அறுத்து விட்டிருக்கலாமே. எல்லாம் சரி. இதே வலை எதற்கும் உதவாத வலையாக இருந்திருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அதுதானே நிஜம்? எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

மே 19, திங்கள்

செவந்தி புதுக்கோட்டைக்குப் போனாள்.

மே 24, சனி

பஸ் ஸ்டாப் வரை செவந்தி கூட வந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தாள்.

“இந்த வாரம் மனு நீங்க எழுதித் தாங்க டீச்சர். ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். படிக்கிறவுகளுக்கும் கொஞ்சம் எரக்கம் வரும்.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல. வயது முப்பத்தெட்டு. மாநிறம். வலது புருவத்தில் தழும்பு. “ஒவ்வொரு தடவை அடையாளம் எழுதுறப்பவும் ஆளு பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள். ‘என் கணவரை மீட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இந்த வரியை எழுதினது நான். இந்தக் கைதான். அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு டீச்சரா.

மே 26, திங்கள்

நான் எழுதிய மனுவோடு போனாள்.

ஜூன் 2, திங்கள்

போனாள். திறப்புக்கு இன்னும் மூன்று நாள். அது முடிந்ததும் சொல்லிவிடுவேன். சத்தியமா சொல்லிருவேன். இன்னைக்கே சொன்னா என்ன? தெரியல. தெரியாம என்ன, தெரியும்.

ஜூன் 5, வியாழன்

நல்ல கூட்டம். மேடையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை எனக்கு. ஆவுளியாவின் வயிற்றுக்குக் கீழே கல். ‘அருணா, ஓவிய ஆசிரியை.’ படித்தேன். வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது.

போட்டோவுக்குக் கட்டிய பெண்களையும் கூப்பிட்டார்கள். செவந்தி வயிற்றுப் பக்கம் நின்றாள். வலை தைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? செருப்புத் துண்டுகளுக்கு நடுவே விரல் உள்ளே போனது. நின்றது. மறுபடி தடவியது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் தேடினேன். போய்விட்டிருந்தாள்.

ஜூன் 7, சனி

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. செவந்தியின் இடது கை மட்டும் தெரியவில்லை. வலைக்குள் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். சொல்லத்தான் போனேன். இனிமேல் சொல்ல என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆவுளியாவுக்குப் பக்கத்தில் செவந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் மனு இல்லை. வலை அறுக்கிற கத்தி இருந்தது.

“புதுக்கோட்டைக்குப் போகலையா?” என்று கேட்டேன். என்ன கேள்வி இது.

“இனி எதுக்கு டீச்சர்?” குரலில் கோபம் இல்லை. “எப்பப் பாத்தீங்க?”

“பன்னண்டாம் தேதி.”

விரல்விட்டு எண்ணினாள். “மூணு திங்கக்கிழமை. ரெண்டு பஸ்ஸு மாறிப்போயி, அங்கிட்டு வரிசையில நின்னு, உசுரோட இருக்காருன்னு மூணு தடவை சொல்லிட்டு வந்துருக்கேன். அதுல ஒண்ணு ஒங்க கையெழுத்துல.”

அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

“சண்டைக்கு வரல. ஒடம்பு இல்லாம எதை வச்சுக் காரியம் செய்யிறதுன்னுதான் வீட்டுல ரெண்டு வருசமா ஒண்ணும் செய்யாம இருக்கோம். நான் தைச்ச அந்த எடம் மட்டும் வேணும். ஒரு மொழம்.” கத்தியை நீட்டினாள். “நீங்களே அறுத்துக் குடுங்க.”

அறுத்தேன். இழுத்துக் கட்டிய வலை இரண்டு பக்கமும் விலகிக்கொண்டது. செருப்பும் மூடியும் காலடியில் கொட்டின. அவள் அந்தத் துண்டை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நானும் வரட்டுமா?”

“வேணாம் டீச்சர்.”

கடற்கரைப் பக்கம் திரும்பாமல் நேரே வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சாயங்காலம் அதிகாரி போனில் கூப்பிட்டார். வயிற்றில் பெரிய ஓட்டை தெரிகிறதாம், வெளியூர் ஆட்கள் பார்க்க வருகிறார்களாம், உடனே அடைக்க வேண்டுமாம். முடியாது சார் என்றேன். ஏன் என்றார். காரணம் சொன்னேன், முதலிலிருந்து, பன்னிரண்டாம் தேதியிலிருந்து. அப்படியானால் கல்லில் உங்கள் பெயர் இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டார்.

ஓட்டை என் பெயருக்கு நேர் மேலே இருக்கிறது. இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.