இரவல் சோபா

ஜூன் 22, 2023

நாங்கள் ஏழைகள்தான் என்று இன்று கிராம அலுவலகத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழை வாங்குவதற்கு அப்பா, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் பாத்திக் சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார். ஏழை என்று எழுதி வாங்கப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்காக ஆபீசுக்கு அழுக்குச் சட்டையோடயா போவாங்க?"

எழுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இந்தச் சட்டைக்காரரா ஏழை என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, வாசலில் எங்கள் பக்ஸோ வண்டி நின்றது. அப்பா தள்ளிக்கொண்டு போய்க் கறி உருண்டை சூப் விற்கும் அந்த வண்டியைத் தெரியாதவர் ஊரில் இல்லை. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கால்நடை மருத்துவம். ஜோக்ஜா பல்கலைக்கழகத்தில். எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இப்படி எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. அரசு உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் முழுக்க அவர்கள் பொறுப்பு, மாதாமாதம் சாப்பாட்டுச் செலவுக்கும் வரும். கிடைக்காவிட்டால்? சந்தையில் கோழி விற்கலாம். வைத்தியம் பார்க்க முடியாது.

ஜூன் 25

விண்ணப்பத்தோடு வீட்டின் படமும் வேண்டுமாம். சமையலறையின் மூங்கில் தட்டியை நான் எடுக்கப் போனால், அதன்மேல் அம்மா பூப்போட்ட துணியைத் தொங்கவிட்டு மறைக்கிறாள். எடுத்துப் போட்டேன். மறுபடி தொங்கவிட்டாள். கடைசியில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து நேரிலும் வந்து பார்ப்பார்களாம். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது.

ஜூலை 3

ஆத்திரம்.

மதியம் வருவோம் என்றவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் மதிப்பெண் சான்று வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். திரும்பி வந்தால், வந்தவர்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா வாசலில் நின்று கையாட்டுகிறாள். உள்ளே போனேன். எங்கள் வீடு இல்லை அது. பாய் விரித்திருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டு ரும்யாத்தி அத்தையின் சோபா, பெரிய பெரிய ரோஜாப்பூ போட்டது. சுவரோரம் அத்தையின் குளிர்சாதனப் பெட்டி. அத்தையின் கடிகாரம். அத்தையின் தங்கக்கரை போட்ட தேநீர்க் கோப்பைகள். அத்தை மட்டும்தான் பாக்கி.

"நல்லாச் சாப்பிட்டாங்கடி வெனிங். வறுத்த கோழிய ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாங்க" என்று அம்மா பூரித்துப்போய்ச் சொல்கிறாள்.

கோழி வேறா?

ஜூலை 7

நிராகரிப்பு. காரணம்: வீட்டின் நிலை விண்ணப்பத்தில் சொன்னதோடு பொருந்தவில்லை.

ஜூலை 8

நேற்று நான் போட்ட கூச்சலுக்கு இன்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆத்திரம் போகவில்லை. ஊரில் இருக்கிறவர்களெல்லாம் உதவித்தொகைக்காக இருப்பதை மறைக்கிறார்கள். இல்லாததைக் காட்டி வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான். என் படிப்பைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அம்மா பக்ஸோவுக்கு மாவு பிசைந்துகொண்டே அழுதாள். அப்பா வண்டியில் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்.

மேல்முறையீட்டுக்குப் புதன்கிழமை வரை அவகாசம் இருக்கிறது. ஆதாரம் கேட்கிறார்கள். சோபா எங்களுடையது இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் கொடுப்பது? சோபாவா வந்து சாட்சி சொல்லும்?

என் சத்தம் சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். சாயங்காலம் அத்தை வந்து நின்றாள், கையில் மகள் கல்யாண ஆல்பம்.

"என் சோபாதானே குத்தவாளி? நானே வந்து சொல்றேன், வா."

ஆல்பத்தைத் திறந்து காட்டினாள். அதே ரோஜாப்பூ. அதன்மேல் மாப்பிள்ளையும் பெண்ணும், நடுவில் அத்தை. சோபாவின் வலது கைப்பிடியில் மாப்பிள்ளையின் மாமா சிகரெட்டால் பொசுக்கிய ஓட்டை கூடத் தெரிகிறது. அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 10

ஜோக்ஜா போய் வந்தோம், நான், அம்மா, அத்தை. அத்தை தன்னிடம் இருந்த நகை அத்தனையையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இதெல்லாம் எதற்கு என்று தலையில் அடித்துக்கொண்டேன். "நான்தான் வசதிக்காரின்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது.

மேல்முறையீட்டை விசாரித்தது எண்டாங் மேடம். சிரிக்காத முகம். அன்று வந்தவர்கள் எடுத்துப்போன எங்கள் வீட்டுப் படத்தைக் கணினியிலும் ஆல்பத்தைக் கையிலுமாக வைத்து மாறி மாறிப் பார்த்தார். சிகரெட் ஓட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தார். படத்தில் குளிர்சாதனப் பெட்டியின் ஒயர் எங்கேயும் சொருகாமல் தரையில் கிடப்பதையும் அவரே கண்டுபிடித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க காரைச் சொந்தக்காரங்க வீட்டுல ஒளிச்சு வெச்சுட்டு வர்றவங்களப் பாத்திருக்கேன். இரவல் வாங்கி வெச்சு மாட்டிக்கிட்டவங்க நீங்கதான் முதல் ஆள். எதுக்கும்மா இப்படிச் செஞ்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள். வீட்டில் அதிர்ந்துகூடப் பேசாதவள், தலையை நிமிர்த்திக்கொண்டு பேசினாள்.

"ஏமாத்தணும்னு செய்யலைங்க. எம்பொண்ணு படிப்பு விஷயமா வீடு தேடி வந்தவங்கள ஓட்டைப் பாயில உக்கார வெக்க மனசு வரல."

மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி வந்து பார்ப்போம், சொல்லாமல் வருவோம் என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவள் வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 13

வந்துவிட்டார்கள்! எண்டாங் மேடமே நேரில், கூட இன்னொருவர்.

அம்மா தரையில் உட்கார்ந்து கறி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க மாவு, பழைய நைட்டி. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை. விருந்தாளி வந்தால் அவளுக்கும் கை கால் சும்மா இருக்காது. சோபா மெத்தைகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வேலிச் சந்து வழியாக நுழைந்துகொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"வேண்டாங்க்கா. எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கு இருக்கறது போதும்" என்றாள் அம்மா.

கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயை உதறி விரித்தாள். ஓட்டை உள்ள பக்கத்தைச் சுவரோரம் தள்ளினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்த பித்தலாட்டம். மேடம் கால் மடக்கிக் கீழே உட்கார்ந்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கும், காதுடைந்த குவளையில் தேநீரும் வைத்தோம். சமையலறை மண் தரையையும் மூங்கில் தட்டியையும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அம்மா எதையும் மறைக்கவில்லை, எதற்கும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. கிளம்பும்போது இன்னொரு துண்டு கிழங்கை மேடமே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் அம்மா பாயிலேயே படுத்துவிட்டாள்.

ஜூலை 18

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது.

முழுக் கட்டணமும். சாப்பாட்டுச் செலவும். படிப்பு முடியும் வரை.

அப்பா வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே தெருக்கோடி வரை போய், வந்தவர்களுக்கெல்லாம் சும்மா ஊற்றிக் கொடுத்தார். காசு நீட்டியவர்களை முறைத்தார். "எம்பொண்ணு மாட்டு டாக்டரு" என்று அத்தை வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கத்துகிறாள். யார் பொண்ணு? அம்மா சிரித்தாள். நான் இவ்வளவு நாளும் இந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. இன்றைக்கு இந்தப் பூமியில் என்னைவிடக் கொடுத்துவைத்தவள் யாரும் கிடையாது.

ஜூலை 6, 2024

ஜோக்ஜா. புது மாணவர்களின் வீடுகளைப் பார்த்து வர, உதவித்தொகை வாங்கும் எங்களில் சிலரையும் அனுப்புகிறார்கள். யார் போகிறீர்கள் என்று எண்டாங் மேடம் கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான்.

இன்று மலையடிவாரத்தில் ஒரு வீடு. கூடத்தில் பளபளவென்று தொலைக்காட்சிப் பெட்டி, கரும்பச்சை சோபா. விண்ணப்பித்திருந்த பையனின் அம்மா தட்டு தட்டாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். பையனின் முகத்தில் ஈயாடவில்லை. கூட வந்த மாணவன் சோபாவைப் பார்த்து என்னவோ எழுதப்போனான். அவன் பேனாவைப் பிடித்து நிறுத்தினேன்.

"உக்காருங்கம்மா, சோபாவுல உக்காருங்க" என்றார் அந்த அம்மா.

"பரவால்லம்மா, எங்க வீட்டுல கீழேதான் உக்காருவோம்" என்று தரையில் உட்கார்ந்துகொண்டேன். "சோபா ரொம்ப அழகா இருக்கு. இந்தப் பக்கத்து வீட்டோடதா, அந்தப் பக்கத்து வீட்டோடதா?"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, இடது பக்கம் கையைக் காட்டினார்.