மடக்கு நாற்காலியும் அப்பாவின் கடிகாரமும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. வழக்கமாக உன் நலத்தை ஒரு வரியில் கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போவேன், இந்த முறை அதைக் கேட்கத்தான் கடிதமே. எழுத்துப் பிழை இருந்தால் என்னை நாலாம் வகுப்போடு நிறுத்திய உன் தாத்தாவைத் திட்டு, நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கீழ்வீட்டுத் தையல்காரரை நினைவிருக்கும், உன் பள்ளிக்கூடக் கால்சட்டையை ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டையாகத் தைத்தவர். அவர் மனைவி படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் போட்டு உட்கார உன் அப்பாவின் மடக்கு நாற்காலியை இரவலாக வாங்கிப்போனார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால், அது எங்களோடதும்மா என்றார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன், பதினோரு வருஷம் நாலு மாசம். படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பேன். அவருக்குக் கண் மங்கியது, கடையை மூடினார், மகன் வருவதை விட்டான், எல்லாம் தெரிந்தும் சுவரைத்தான் பார்த்தேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலி என் வாசலில் இருந்தது, துடைத்து, புதுத் துணி தைத்து. கிழவர் தோற்றுவிட்டார் என்று மாடிப்படி முழுக்கத் தண்டோரா போட்டேன். தையல் மெஷினை எதிர்வீட்டுக்காரிக்குச் சும்மா கொடுத்தார் என்று கேட்டபோதும், இப்போதாவது புத்தி வந்ததே என்றேன். வியாழக்கிழமை பால்காரர், முதல் நாள் பால் தையல்காரர் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டுக் கதவை உடைத்திராவிட்டால் அவர் இன்று இல்லை. தன் உயிரைத் தானே விடத் துணிந்திருந்தார். பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். யாருகிட்டம்மா சொல்றது, நீங்கதான் சுவத்தைப் பாத்துக்கிட்டுப் போறீங்களே என்றார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அங்கிருந்த நர்ஸம்மா என்னைத் தனியே உட்காரவைத்தாள். துணையை இழந்தவங்க, வேலை போனவங்க, தனியா கெடக்கறவங்க, இவங்களைக் கவனிச்சுப் பாக்கணும் பாட்டி, அதுலயும் ஆம்பளைங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆசையா வெச்சிருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சா நேராவே கேட்டுடுங்க, கேட்டதால அந்த நெனப்பு புதுசா வராது, பாரம்தான் எறங்கும் என்றாள். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் பார்சல். அப்பாவின் கைக்கடிகாரம். அம்மா நீயே வச்சிக்கோ என்று ஒரு துண்டுச் சீட்டு.

விரல்விட்டு எண்ணினேன். விவாகரத்தாகி ஒரு வருஷம். பேத்தி அவள் அம்மாவோடு. கம்பெனி மூடி எட்டு மாதம். போனை எடுப்பதில்லை. கடிகாரத்தோடு ஒரு கை நிறைந்துவிட்டது. அதனால் நேராகக் கேட்கிறேன், செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா? இல்லை என்றால் கிழவிக்குப் பைத்தியம் என்று சிரி. ஆமாம் என்றால் நான் ஒப்பாரி வைக்க மாட்டேன், உன்னை வெட்கப்படுத்தவும் மாட்டேன். என் முழங்கால் ஆப்ரேஷனுக்கு நீ வராததற்கு மட்டும் திட்டு பாக்கி இருக்கிறது, அதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

நாற்காலியைத் தையல்காரர் வீட்டிலேயே போட்டுவிட்டேன். தினமும் சாயந்திரம் போய் அதில் உட்கார்ந்து, இது எங்களோடது என்று சண்டை போடுகிறேன். அவரும் விடுவதில்லை. நேற்று அந்தக் கோபத்திலேயே டீ போட்டுக் கொடுத்தார்.

இதைத் தபாலை நம்பி அனுப்பவில்லை. நீ படிக்கும்போது, இதைக் கொண்டுவந்த உன் அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். கடிகாரம் அவள் பையில் இருக்கிறது, கட்டிக்கொள். உன்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகாமல் அவள் திரும்ப மாட்டாள், அவளும் என் மகள்தான். நூறு வயது இருந்து எல்லோரோடும் சண்டை போடு என்று ஆசீர்வதிக்கிறேன். மறக்காதே, பதில் எழுத வேண்டாம். தலையை நிமிர்த்தி அவளிடம் சொல்.

இனிமேல் சுவரைப் பார்க்காத,
உன் அம்மா