நிழலில் வளர்ந்த தேயிலை

18.1.2004, ஞாயிறு

பொங்கலுக்கு ஜப்பானிலிருந்து வந்திருக்கும் மகன் மாலையில் ஒரு டீ போட்டான். பாலில்லை, சர்க்கரையில்லை, சூடுகூட இல்லை. முருங்கைக்கீரை வெந்த தண்ணீரில் கடல்பாசியை அலசியதுபோல் இருந்தது. அங்கே இதற்குப் பெரிய மரியாதையாம். கர்மம்!

பங்காளி கோவிந்தராசுவும் இருந்தான். அவன் வரப்பில் நிற்கும் மூங்கிலின் நிழல் விழுந்து என் வயல் மூலை வருஷா வருஷம் பதராகிறது. அதை வெட்டிவிடுகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தான். ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் புத்திசாலி மகன், "சித்தப்பா, இது வெயில் படாம பந்தல் போட்டு வளர்த்த இலை. நிழல்லதான் ருசியே வருமாம்" என்றான்.

"கேட்டீங்களாண்ணே? படிச்ச புள்ள சொல்லுது. இன்னொரு கிளாஸ் ஊத்து தம்பி."

என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தான், கடன்காரன். மூங்கில் பேச்சையே எடுக்காமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இனி அந்த மூங்கில் என் காலத்துக்கும் நிற்கும். மிச்ச டீத்தூளை மகன் எனக்கென்று வைத்துவிட்டுப் போகிறானாம். உடம்புக்கு நல்லதாம்.