உன் பெயரில் நடந்த ஆபரேஷன்

திருத்தங்கல்
புதன்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தம்பி கதிரவனும் ஏதோ இருக்கிறோம். கோயம்புத்தூரில் உனக்கு அந்த வயிற்று வலி திரும்ப வரக் கூடாது என்பதே எந்நேரமும் நினைப்பு. விடுதிச் சாப்பாட்டில் காரத்தை ஒதுக்கிவிடு. அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி ஆர்டர் ஆரம்பித்துவிட்டது, வெடிமருந்து அறையில் வேலை, வந்ததும் படுத்துவிடுகிறார். தம்பிக்கு மூன்று நாள் காய்ச்சல், நேற்றுதான் விட்டது. எனக்கு உடம்பெல்லாம் அசதி, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான்.

இத்துடன் அப்பாவின் ஈ.எஸ்.ஐ. கார்டு நகல் வைத்திருக்கிறேன். அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், அதனால் கல்யாணமாகாத மகளான உனக்கும் வைத்தியம் உண்டு, நீ இருக்கும் ஊரிலேயே பார்க்கலாம், ஸ்கேனோ ஆபரேஷனோ நாம் கட்ட வேண்டியதில்லை என்று விசாரித்துவிட்டேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சிகிச்சை விவரம் பார்ப்பார்கள் என்றாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். போனில் நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் தம்பி காய்ச்சலைப் பேசி வைத்துவிட்டேன்.

உன் பெயரில் குடல்வால் ஆபரேஷன் ஏற்கெனவே நடந்திருக்கிறது. உனக்கு இல்லை, ஏழாயிரம்பண்ணைப் பெரியப்பா மகள் பானுப்பிரியாவுக்கு. நீங்கள் ரெண்டு பேரும் எட்டாவது படித்த வருஷம். பெரியப்பா, தன் வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுப்பவர், எந்தக் கம்பெனிப் பதிவிலும் பெயர் இல்லை, கார்டும் இல்லை. பிள்ளை வலியில் சுருண்டு கிடந்தது. ரெண்டும் ஒரே வயசு ஒரே சாடை, நம்ம கார்டுலயே காட்டிருவோம் என்றார் அப்பா. நம் தெருவில் கார்டு இரவல் கொடுப்பது குழம்பு கொடுப்பது மாதிரிதானே. படித்தவள் என்று படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். உன் பெயரை எழுதி, அம்மா என்று கையெழுத்துப் போட்டது நான்தான். பெரியம்மா பொன்னுத்தங்கம் வார்டே கேட்க, ஏட்டி வேல்விழி கஞ்சி குடிக்கியா என்று கத்துவாள், பானு சிரிக்க முடியாமல் தையலைப் பிடித்துக்கொள்வாள். நாங்களும் சிரித்தோம். நல்ல காரியம் என்றுதான் நினைத்தோம்.

இப்போது உனக்கும் வலது பக்க அடிவயிற்றில் வலி என்கிறாய், குடல்வால் இருக்கிற இடம். குடல்வால் எடுத்தாயிற்று என்ற பதிவை நம்பி டாக்டர் வேறு எதையோ தேடினால்? அப்பாவிடம் சொன்னேன். ஏ பிள்ள, வாயைத் தொறந்தா கார்டைப் பிடுங்கிருவாக, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எங்கன கொண்டு போவே என்று சத்தம் போட்டார். மருந்தோடு வேலை செய்கிறவர், அவர் பயத்திலும் தப்பில்லை. இன்னும் சரி என்று சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

ஸ்கேனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடு, அந்த ஆபரேஷன் எனக்கு நடக்கவில்லை, தழும்பு இல்லை பாருங்கள் என்று. அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று முழுங்கிவிடாதே. யார் செய்தது என்றால் என் பெயரைச் சொல், கூப்பிட்டால் நான் வந்து பதில் சொல்கிறேன். அதற்குள் வலி கூடினாலோ காய்ச்சல், வாந்தி வந்தாலோ திங்கள் வரை பார்க்காதே, கார்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே ஓடு.

நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் தாயி. இதைப் படித்ததும், டாக்டரிடம் சொல்கிறேன் அம்மா என்று போனில் ஒரு வார்த்தை அனுப்பு. அதுவரை போன் என் மடியில்தான் இருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
மாரிசெல்வி